வேலைச் சீட்டு எண் 4471

மனாமா, ஜுஃபேர். வியாழன் இரவு.
புகார்: மேடைக்கு மேல் ஏசி குளிரவில்லை.

ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டு பலகையைக் கழற்றி
இடுப்புவரை உள்ளே போயிருந்தேன்.
ஏணியைப் பிடித்திருந்தான் ஜெபசிங்.
கீழே ரொமேல் கிதாரை மாட்டி
"ஒன், டூ" என்றதுதான் தெரியும்.

நூறு ஃபில்ஸ் காசுகளை ஒரு மூட்டை
படிக்கட்டில் கொட்டியதுபோல் இருந்தது.
சாக்ஸபோன் கழுதையாய்க் கத்த,
பேஸ் அவசரமில்லாமல் நடக்க,
கிதார் மட்டும் வரிசையை முறித்து
முன்னால் போனது
டோக்கன் வாங்காமல்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு
பாட்டென்னவோ அழுகைதான்.
அவள் போய்விட்டாளாம். வாடகை பாக்கியாம்.
வீட்டுக்காரன் கதவைத் தட்டுகிறானாம்.
அதற்கா இந்தக் குதி குதிக்கிறீர்கள்?
எனக்கும்தான் இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை.
அதை இப்படியும் சொல்லலாமென்று
இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

ஏணி ஆடியது.
"டேய், ஒழுங்காப் பிடி!"
"பிடிச்சிட்டுத்தாண்ணே இருக்கேன்.
ஆடுறது உங்க காலு."

ஸ்பேனரும் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தது,
இரண்டாம் அடியில், நான்காம் அடியில்.
ரொமேல் அண்ணாந்து பார்த்தான்.
ஒரு புருவம் தூக்கினான்.
அடுத்த சுற்றை எனக்கென்று
காலியாக விட்டான்.
தட்டினேன்.
பத்து வருடத் தூசி அவன் தலையில்.

கோளாறு: பெல்ட் தளர்வு.
ஆன நேரம்: பத்து நிமிடம் என்பதை அடித்து
மூன்று மணி.

குளிர் வந்தபிறகும்
மொத்தக் கூட்டமும் வியர்த்துக்கொண்டிருந்தது.

குறிப்பு:
மறுபடி வந்து பார்க்க வேண்டியிருக்கும்.
அடுத்த வியாழன்.