மொத்தச் சம்பளம்

மொத்தச் சம்பளம் என்றொரு கட்டம்.
அப்பா அதற்குள் எண்ணை எழுதும்போது
பேனை நடுவில் ஒருமுறை நின்றது.
பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினார்.

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருபத்தாறு வருசம்.
சம்பளச் சிட்டையின் மேல்வரியில் நாங்கள் பணக்காரர்.
கீழே இறங்க இறங்க
இடர்கடன், வங்கிக்கடன்,
அக்காவின் சீதன வீட்டுக் கொங்கிறீற்,
போன வருசம் அம்மாவின் கண்.
கடைசி வரியில் மிஞ்சுவது
பதினோராம் திகதி வரைக்கும் காணும்.
கடைசி வரிக்கு விண்ணப்பத்தில் கட்டமில்லை.

"வீடு சொந்தமா?" ஜீ.எஸ். கேட்டார்.
"ஓம். மூத்த மகள்ட."
"நீங்க இருக்கிறது?"
"அவள்ட குசினிப் பக்கம்."
சிரித்துவிட்டு, சொந்தம் என்று போட்டார்.

கேதுஜாவுக்குக் கிடைத்தது.
மண்டூரிலிருந்து பாதையில் ஆறு கடந்து
களுவாஞ்சிகுடிக்கு ரியூசன் வருகிறவள்.
என்னைவிட எத்தனை புள்ளி குறைவென்று
அன்றிரவு கணக்குப் பார்த்தேன்.
அவளுடைய சப்பாத்தின் அடி ஞாபகம் வந்தது.
கணக்கை அழித்தேன்.
அழித்த இடம் தாளில் இன்னும் தெரிகிறது.

மிஞ்சியது திறமைக்கான பரிசில்.
ரொறன்ரோவில் இருக்கிற ஊர்ச்சங்கம் தருவது,
மூன்று பேருக்கு.
வருமானம் கேட்கமாட்டார்கள்.
'மற்றவர்களைவிட நீர் எவ்விதத்தில் மேலானவர்?
இருநூற்றைம்பது சொற்களுக்குள்.'

பெருமை பேசாத மனே என்று
பதினெட்டு வருசம் வளர்த்த வீட்டில்
என்னை எடுத்து விற்கும் மொழி
ஒருவருக்கும் தெரியவில்லை.
"நல்ல புள்ள எண்டு எழுதன்கா" என்றாள் அம்மா.
இரண்டு சொல்.
இன்னும் இருநூற்று நாற்பத்தெட்டு.

விவாதப் போட்டி, மாகாண மட்டம், இரண்டாமிடம்.
இரசாயனவியல், ஏ.
பிரதி எடுக்கும் கடையில்
பையன் தாள்களைத் தட்டி அடுக்கினான்.
முப்பத்தொரு பக்கம்;
என் உயரம் சுண்டுவிரல் தடிப்புக்கு வரவில்லை.

நேர்காணல் இரவு ஒன்பதரைக்கு.
அவர்களுக்கு அது பகல், சன்னலில் பனி.
எங்களுக்கு சிக்னல் கிணற்றடியில்தான்.
வாழைக்குப் பக்கத்தில் கதிரை,
அக்கா என் முகத்துக்கு டோர்ச் பிடித்தாள்.
பெயர், பாடசாலை, எதிர்காலக் கனவு.
பிறகு ஒருவர், மிகக் கனிவாக:
"வீட்டில கஷ்டம் ஏதும் இருக்கா மகள்?
சொன்னா எங்களுக்கு முடிவெடுக்க லேசு."

அந்தக் கேள்வி இங்கே இல்லையென்றுதானே
இந்தக் கதிரையில் வந்து குந்தினேன்.
கிணற்றுக் கட்டுக்கு அப்பால் அப்பா,
நுளம்பு கடிக்கக் கடிக்க, அடிக்காமல் நிற்கிறார்.
மேல்வரியைச் சொல்லவா, கடைசி வரியைச் சொல்லவா?

"இல்ல சேர்" என்றேன்.
"இரசாயனத்தில கேளுங்க."

யாரோ சிரித்தார்.
யாரோ கண்ணாடியைக் கழற்றினார்.
படம் உறைந்து, வட்டம் சுற்றி, அறுந்தது.

அறுந்ததா, அறுத்தார்களா?
அப்பா கேட்கவில்லை.
"பனி பெய்யுது, உள்ளுக்கு வா மனே" என்று
கதிரையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு
முன்னால் நடந்தார்.
டோர்ச் வெளிச்சத்தில் அவர் முழங்கை முழுக்க
சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு.