ஆறு மணிச் சங்கு

இன்றைக்கு நான்காவது ஆள்.
முந்தைய மூவரிடம் கேட்டதையே கேட்கிறேன்:
ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள்,
ஒன்றை மட்டும் காணோம். எது?

யோகேஸ்வரி. விண்ணப்பத்தில் பெங்களூரு.
அவள் பின்னால் மங்கலாக ஒரு புத்தக அலமாரி.
தலை அசைந்தால் காதோரம் கொஞ்சம் கரைகிறது.
என்னுடையதும் அதே அலமாரிதான்,
செயலியோடு இலவசமாக வருவது.
அதற்குப் பின்னால் குன்னூர் வாடகை வீட்டின் ஈரச்சுவர்,
நான்கு நாளாகக் காயாத இரண்டு போர்வைகள்.

"மொத்தத்தக் கூட்டி வச்சுக்குவேன் சார்,
இருக்கறதக் கழிப்பேன்.
பதினாலு கொண்டை ஊசின்னா நூத்தஞ்சு.
மழையில ஒரு பலகை போயி
மிச்சம் தொண்ணூத்தாறுன்னா
போனது ஒன்பதாவது."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள்.
பெங்களூரில் யாரும் உதாரணத்துக்குப் பதினாலு சொல்வதில்லை,
பத்து போதும் அங்கே.
ஒன்பதாவது பலகை போனது நிஜம், ஐப்பசியில்.
பேருந்தில் வரும்போது
கம்பி மட்டும் நின்றதைப் பார்த்தேன்.

குறிப்பில் 'சரி' என்று அடித்தேன். வேறொன்றும் அடிக்கவில்லை.

அடுத்தது.
கண்ணி கண்ணியாகப் போகும் பட்டியல்.
எங்காவது தன்னையே சுற்றுகிறதா,
கூடுதல் இடம் எடுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பாய்?

"ரெண்டு பேர விடுவேன் சார்.
ஒருத்தி ஒவ்வொரு அடியா, இன்னொருத்தி ரெண்டு ரெண்டா.
பாதை முடிஞ்சா வேகமானவ வெளிய போயிருவா.
சுத்துச்சுன்னா..."

சங்கு.
தேயிலை ஃபேக்டரியின் ஆறு மணிச் சங்கு,
முதலில் என் சன்னல் வழியாக.
அரை நொடி கழித்து
காதில் மாட்டியதற்குள்ளிருந்து
அதே சங்கு,
மும்பையோ சிங்கப்பூரோ போய்ச் சுற்றி
கொஞ்சம் இளைத்து வந்து சேர்ந்தது.

அவளுக்கும் இப்படித்தான் இரண்டு முறை கேட்டிருக்கும்.
ஊதி முடியும்வரை
அலமாரியும் அலமாரியும் பார்த்துக்கொண்டிருந்தன.

"...எங்கயாவது முட்டிக்குவாங்க."

எவ்வளவு நேரம் ஆகும் என்பது
அடுத்து நான் கேட்க வேண்டியது.
வாய் திறப்பதற்குள் கரண்ட் போனது.

கைபேசியில் படிவம் திறந்தது.
இணைப்பு துண்டிக்கப்பட்டது யார் பக்கம்?
'விண்ணப்பதாரர்', 'நிறுவனம்':
ஒன்றைத்தான் தொட முடியும்.

சன்னலுக்குப் போனேன்.
மேல் குன்னூர், கீழ்க் குன்னூர், ஃபேக்டரி, லைன் வீடுகள்,
எல்லாம் ஒரே மார்கழி இருட்டு.
எதிர்ச் சரிவில் மட்டும்
ஒரு செல்போன் வெளிச்சம்
சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுகிறது,
படிகளை இரண்டிரண்டாக.