பதினான்காம் கேள்வி

படிவம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
தமிழ் தெரியும் என்பதால்
நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க எனக்கு.

பதின்மூன்று கேள்விகள் சுலபம்.
வீட்டில் எத்தனை பேர், குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர்,
போன ஜூலையில் எதுவரை ஏறியது.
கணுக்கால். முழங்கால். கட்டில்.

பதினான்காவதை மூச்சுப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும்:
வெகு உயரத்தில் விமானங்கள் கந்தகம் தூவினால்
வெயில் நூற்றில் ஒரு பங்கு குறையும்,
கடல் ஏறுவது தாமதப்படலாம்,
வானின் நீலம் சற்றே வெளுக்கலாம்.
உங்களுக்குச் சம்மதமா?
ஆம். இல்லை. கருத்தில்லை.

கந்தகமா என்று சிரித்தாள் ஞானதீபம்.
கோவில்பட்டியில் ஆறு வருசம்
தீப்பெட்டி ஆபீசில் இருந்தவள்.
"அது வேட்டியில பட்டாலே போவாது,
வானத்துல பட்டா யாரு துவைக்கிறது?"

பூலுடையார் மாத்திரை அட்டையைக் காட்டினார்.
"ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாதாமே, இத மாதிரி?
போன மழையில மூணு நாள் தெருவுல தண்ணி.
மெடிக்கல் திறக்கல.
நாலாம் நாள் தலை சுத்தி விழுந்தேன்.
அவங்க மெடிக்கல் எந்தத் தெருவுல?"

எல்லோரும் மழையைத்தான் கேட்கிறார்கள்.
மழை கூடுமா, தள்ளிப் போகுமா.
தமிழ்ப் படிவத்தில் மழை இல்லை.
மொழிபெயர்ப்பில் விட்டுப்போயிற்றோ என்று
மூலத்தையும் புரட்டினேன்.
அங்கும் இல்லை.

கவிழ்த்த கூடைகளின் மேல்
அப்பளம் காயவைத்திருந்த கனகபுஷ்பம்
கையைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள்:
"நூத்துல ஒண்ணுன்னா
நூறு அப்பளத்துல ஒண்ணு மட்டும் ஈரமா நிக்குமா,
இல்ல நூறும் கொஞ்சங் கொஞ்சம் ஈரமாவா?
நிக்கிற அந்த ஒண்ணு
யாரு கூடையில?"

கார்கானிஸ் மேடத்துக்கு போன் போட்டேன்.
இரண்டு முறை சொல்ல வைத்தாள்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"கருத்தில்லை என்று போடு.
கருத்தில்லை எல்லாம் கடைசியில்
ஆம் பக்கம்தான் சேரும்" என்றாள்.
அவள் குரலிலும் தூக்கம் குறைவு.

மௌனம் சம்மதம் என்று
நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவைத்தது
இப்படித்தான் படிவம் ஏறுகிறது.

மூன்று கட்டங்களையும் வெறுமையாக விட்டு
ஓரத்தில், பேனாவால்,
அந்த அப்பளக் கேள்வியை அப்படியே எழுதினேன்.
எந்திரம் ஓரத்தைப் படிக்காது.
கட்டம் நிரம்பாத படிவத்துக்குக் காசும் கிடையாது.

கழிமுகப் பக்கமிருந்து மேகம் வந்தது,
யாரும் தூவாத மேகம்.
நானும் கூடை தூக்கினேன்.