ஒரு பாரம் குறைவு

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலை அலுவலகம்.
இந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
லாக் புக்குக்கும் தூக்குவாளிக்கும் நடுவில்
தபாலில் வந்த மூன்று சித்திரக்கதைகள்.
ஒன்றுக்கு முந்நூறு வார்த்தை எழுதவேண்டும்.
காசு கிடையாது, புத்தகம் எனக்கே.

முதலாவதில் பறக்கும் கோட்டை, வாளோடு ஓர் இளவரசி.
வண்ணமெல்லாம் கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது.
ஆனால் அத்தனை பெரிய கோட்டை எழும்பும்போது
கீழே ஒரு புல்கூட அசையவில்லை.
ஆனிக் காற்றில் எண்பது மீட்டர் ஏறி
எண்ணெய் மாற்றுகிறவன் நான்.
காற்றை வரையத் தெரியாதவர்
பறப்பதை வரையக்கூடாது என்று எழுதி,
பிறகு 'கூடாது' என்பதை அடித்தேன்.
ஓவியருக்கு இது முதல் புத்தகமாம்.

இரண்டாவதில் பேய் ஓயாமல் பேசுகிறது.
தகப்பன் பெயர், செத்த தேதி,
பழிவாங்கும் காரணம், சாட்சிகள்.
எட்டிப் பார்த்த மிக்கேல் ராசு
"தாலுகா ஆபீஸ்ல குடுக்கச் சொல்லும் வே" என்றான்.
அதையே கடைசி வரியாக்கிக்கொண்டேன்.
அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாவது மெலிசு. கறுப்பு வெள்ளை.
மோட்டார் தூக்கப்போன புருஷனைத் தேடி
ஒருத்தி கிணற்றில் இறங்குகிறாள்,
பக்கத்துக்கு ஒரு படி.
நாற்பதாம் பக்கத்தில் டார்ச் அணைகிறது.
அப்புறம் எட்டுப் பக்கம் வெறும் வெள்ளை.
இருட்டுகூட இல்லை.
நாற்பத்தொன்பதில் அவள் மேலே நின்று
துணி காயப்போடுகிறாள்.
முந்தானை வலது தோளில்.
அதுவரை இடது.

அந்த நேரம் பார்த்து
பதினேழாம் காற்றாலை நின்றதாகத் திரையில் சிவப்பு.
போகவேண்டியது நான்.
மிக்கேல் ராசுவை அனுப்பினேன்.

இந்த வருஷத்தின் ஆகச்சிறந்த எட்டுப் பக்கங்கள் என்று
எழுதி அனுப்பி நாலாம் நாள்
பதிப்பகத்திலிருந்து போன்.
"அச்சகத்துல ஒரு பாரம் விட்டுப்போச்சு சார்.
நல்ல பிரதி அனுப்பியிருக்கோம்.
விமர்சனத்துல அந்தப் பத்தியை மட்டும்..."
சிக்னல் சரியில்லை என்றேன்.

புதுப் பிரதி புதன்கிழமை வந்தது.
ஹெல்மெட் அலமாரியில்
பிரிக்காமல் கிடக்கிறது.
பத்தியிலும் கை வைக்கவில்லை.

இன்னொன்று, விமர்சனத்தில் எழுதாதது.
அன்றைக்குப் பதினேழைப் பார்த்துவிட்டு
மிக்கேல் ராசு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது
"என்ன வே கோளாறு?" என்று கேட்பதற்கு முன்னால்
டார்ச்சை எந்தக் கையில் பிடித்திருக்கிறான் என்று பார்த்தேன்.