வெளி யூனிட்

"எத்தனை பேர் படுப்பீங்க?" என்றான் கடைப் பையன்.
ஒருத்தி.
"ராத்திரி முழுக்க ஓடுமா?"
பகலில் மட்டும்.
நிமிர்ந்து பார்த்தான்.
நைட் டூட்டி என்றேன்.
எட்டு மணிக்கு வார்டை ஒப்படைத்துவிட்டு
ஒன்பதரைக்குப் படுத்து மூன்றுக்கு எழுபவள்.
மேலே இன்னொரு மாடி உண்டா?
இல்லை. தளம்தான். அதற்கு மேல் திருவாரூர் வெயில்.
அப்படியென்றால் ஒரு டன் பத்தாது, ஒன்றரை.
மூன்று ஸ்டாரா ஐந்து ஸ்டாரா என்பதைத்
தவணைத் தொகை முடிவு செய்தது.

மாட்ட வந்தவர் இருதயராஜ்.
வேளாங்கண்ணி லாட்ஜுகளில்
உப்புக்காற்று அரித்த காயில்களோடு இருபது வருஷம்.
தெருப்பக்கம் வைத்தால் செம்புக்குழாயை அறுத்துக்கொண்டு போவான்,
மேற்கே வைத்தால் மெஷினுக்கே வெயில்.
மிச்சம் கிழக்குச் சுவர்.
அதற்கும் ஜொஹராவின் அடுப்படி ஜன்னலுக்கும் நடுவே
நாலடிச் சந்து.
"குளிர்னு ஒண்ணை இது செய்யறதில்ல சிஸ்டர்,
உங்க சூட்டை அள்ளி வெளியே கொட்டுது,
அவ்வளவுதான்."

முதல் பகல்.
இருபத்தாறு டிகிரியில் போர்வைக்குள் கிடந்தேன்.
சந்துக்கு அப்பால் ஜன்னல் சாத்தும் சத்தம்.
ஓங்கி அறையவில்லை,
மெதுவாகத்தான், கொக்கி போட்டு.
அவள் சோறு வடிக்கும் நேரம்.
என் அறையின் சூடு முழுவதும்
அவள் உலைக்கு மேல் போய் நிற்பதைக்
கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.
ஆனாலும் தூக்கம் வந்தது.
அதுதான் வெட்கம்.

ஆனியில், குறுவைக்கு போர் ஓடும் நாட்களில்
வோல்டேஜ் நூற்றெழுபதில் நொண்டும்.
ஸ்டெபிலைசர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருக்கும்.
ஆவணியில் ஒரு குளவி
வடிகுழாய்க்குள் மண்வீடு கட்டியதில்
என் தலையணை நனைந்தது.
கம்பியால் குத்தி எடுத்த இருதயராஜிடம்
காஸும் அடித்துவிடுங்களேன் என்றேன்.
"காஸ் தீர்ற சாமான் இல்ல சிஸ்டர்.
ஓட்டை இருந்தாத்தான் குறையும்.
வருஷா வருஷம் அடிக்கணும்னு சொல்றவனை
வாசல்லயே அனுப்பிடுங்க."
அவர் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
என் தூக்கம் வருஷா வருஷம் குறைகிறது.
எந்த முட்டில் கசிகிறதோ,
சோப்பு நுரை தடவிப் பார்க்க வழியில்லை.

ஐப்பசி.
ஓடம்போக்கியில் தண்ணீர் பாலத்தின் காலைத் தொட்டது.
ஒன்பது நாளாக மழை.
ரிமோட்டை அலமாரியில் வைத்து மறந்தே போயிருந்தேன்.
கதவு தட்டினாள் ஜொஹரா,
தலையில் பிளாஸ்டிக் பை, கையில் பிழிந்த துணி.
"சிஸ்டர், கொஞ்ச நேரம் ஏசி போடுறீங்களா?
பசங்க யூனிஃபார்ம் காயவே மாட்டேங்குது."

சந்தின் குறுக்கே, சன்ஷேடுக்கு அடியில் கயிறு கட்டினாள்.
மூன்று கால்சட்டை, மூன்று சட்டை,
ஒரு ஒற்றைச் சாக்ஸ்.
பதினெட்டில் வைத்தால்தான் வெளியே காற்றாடி சுற்றும்.
வைத்தேன்.
இரண்டு போர்வை, ஒரு ஸ்வெட்டர்,
தலைக்குத் துண்டு,
பல் கிட்டிக்கக் கிடந்தேன், மழைநாளில்.
அந்தப் பக்கம் ஒரு கால்சட்டை
காற்றில் காலை உதைத்துக்கொண்டு காய்ந்தது.
"சிஸ்டர், இன்னும் பத்தே நிமிஷம்!"
ஜன்னல் திறந்திருந்தது. புளிக்குழம்பு வாசம்.

கரண்ட் பில்லைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

தையில் அறுப்பு மெஷின் புறவழிச்சாலை வரை வந்துபோனது.
ஃபில்டரைக் கழற்றினால்
நெல் சுணை, வைக்கோல் தூசி, என் தலைமுடி,
எல்லாம் சேர்ந்து ஒரு சாம்பல் கம்பளி.
குழாயடியில் பிடித்தேன்.
சேற்றுநிறமாய் ஓடியது,
என் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டியது.

பங்குனியில் வெயில் திரும்பியது.
ஜன்னல் சாத்தும் சத்தத்துக்கு முன்பே
இருதயராஜுக்கு போன் போட்டேன்.
வெளி யூனிட்டின் முகத்துக்குச் சாய்வாக
ஒரு தகடு வளைத்து மாட்டினார்.
சூடு இப்போது ஆகாயத்துக்குப் போகிறது.
அங்கே யார் சமைக்கிறார்களோ, தெரியாது.
நாலு திருகாணிதான், வேண்டும்போது கழற்றலாம் என்றார்.

காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:
பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டர்.
ஆவணி, குளவி பார்க்க.
அதற்குக் கீழே
பென்சிலில், கோணல் எழுத்தில்,
ஐப்பசி, தகடு கழட்டணும்.
அது என் கையெழுத்து இல்லை.