நூற்றெண்பது மில்லி விநாடி

கொம்தார் பக்கத்து மாலில், மூன்றாம் மாடியில்,
தியோங் கடையில் நான் கேட்ட முதல் கேள்வி
வேகத்தைப் பற்றியதல்ல.
இது சத்தம் போடுமா?

பன்னிரண்டு மணி நேரம்
விசிறிகளுக்கு நடுவே நிற்கிறவள் நான்.
பாயான் லெப்பாஸில், இரவு ஷிஃப்டில்,
சில்லுகளைச் சூட்டில் வாட்டி
எது சாகிறது எது பிழைக்கிறது என்று
குறித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன்.
வீட்டுக்கு வந்து
இன்னொரு விசிறியைக் கேட்க முடியாது.

"செஞாப், காக்," என்றான் தியோங்.
சாப்பாட்டு டப்பா அளவு கறுப்புப் பெட்டி.
ஓடிக்கொண்டிருந்ததை அப்படியே தூக்கி
கடற்கரையில் பிள்ளைகள் சங்கை வைப்பதுபோல்
என் காதில் வைத்தான்.
உள்ளே ஓர் ஈகூட இல்லை.
விசிறியே கிடையாதாம்; முதுகு முழுக்க அலுமினியச் செதில்;
சூடு தானாக எழுந்து வெளியே போய்விடும்.

எட்டு ஜிபி போதும் என்றேன்.
பதினாறு என்றான்.
படம் பார்க்கத்தானே என்றேன்.
எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றான்.
எட்டோடு நின்றேன். அறுநூற்றுத் தொண்ணூறு ரிங்கிட்.
நான் வாட்டிய சில்லு இதற்குள் இருக்குமோ என்று
கவிழ்த்துப் பார்த்தேன்.
வேறு நாட்டின் பெயர் போட்டிருந்தது.
ஏனோ கொஞ்சம் ஏமாற்றம்.

வீட்டில் லூர்து டிவியைச் சுவரிலிருந்து இறக்கி
மெத்தைமேல் குப்புறப் படுக்க வைத்திருந்தார்.
எங்களுக்குள் பேச்சு நின்று நான்கு நாள்.
அவர் தம்பிக்குக் கொடுத்த பணம்தான் காரணம்;
கொடுத்ததல்ல,
கொடுத்த பிறகு சொன்னது.

முதுகில் பெட்டியை மாட்ட நான்கு திருகாணி வேண்டும்.
வந்திருந்தவை மூன்று.
பிஸ்கட் டின்னைக் கொட்டாமல் உள்ளேயே துழாவினோம்,
இரண்டு பேர் விரல்களும் ஒரே டின்னில்
ஒன்றன்மேல் ஒன்று படாமல்.

பழைய எச்டிஎம்ஐ கேபிள்
ஐந்து நிமிடத்துக்கொரு முறை கண்ணை மூடிக்கொண்டது.
லூர்து ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.
லிஃப்ட் பழுது; பதினோரு மாடி.
திரும்பி வந்தபோது புதுக் கேபிள்,
மேசைமேல் விரித்து வைத்த ரசீது,
கூம்புத் தாளில் கச்சாங் பூத்தே.
கச்சாங் ரசீதில் இல்லை.

பழைய படம் ஒன்று போட்டோம். கோர்ட் சீன்.
புளூடூத் ஸ்பீக்கருக்கு ஒலி போய்ச் சேர்வதற்குள்
அந்தப் பெண் பேசி முடித்து
வாயையும் மூடிவிடுகிறாள்.
அப்புறம்தான் வருகிறது:
"நான் செய்தது தப்புதான்."

"வாய மூடின பெறகு பேசுறா," என்றார் லூர்து.
நான்கு நாளில் முதல் வாக்கியம்.
டிவியிடம் சொன்னார்.

ஒலி நேரத்தை மாற்றும் இடத்தைத் தேடிப் பிடித்தேன்.
கீபோர்டு அவர் மடியில். உதடு என் பொறுப்பு.
ஃபேக்டரியில் எல்லார் காதிலும் அடைப்பான்;
நேப்பாளப் பெண்கள் பேசுவதைக்கூட
வாயைப் பார்த்தே வாசிப்பேன்.
மைனஸ் ஐம்பது.
இன்னும்.
மைனஸ் நூறு.
இன்னும்.
இருநூற்றைம்பது.
தாண்டிட்டீங்க, இப்ப நெனைக்கிறதுக்கு முன்னாடி பேசுறா.
நூற்றெண்பது.
நில்லுங்க.

ஏழாவது முறையாக அவள் ஒப்புக்கொண்டாள்.
சொல் உதட்டில் உட்கார்ந்தது.

நீதிபதி சுத்தியலைத் தட்ட
பக்கத்து வீட்டு மாக்சிக் ரொகாயா
சுவரைத் தட்டினார். மணி பன்னிரண்டு.
ஒலியை முழுக்கக் குறைத்தேன்.
பெட்டியிலிருந்து நிஜமாகவே ஒரு சத்தமும் இல்லை.
தியோங் பொய் சொல்லவில்லை.

திரை வெளிச்சத்தில் லூர்து என் பக்கம் திரும்பி,
குரல் எழுப்பாமல்,
வாயை மட்டும் அசைத்து ஏதோ சொன்னார்.

முழுக்க வாசித்துவிட்டேன்.

"கேக்கல," என்றேன்.