ஊதா மை

கிசுமுவில், பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில்,
ஒமுலோவின் கைப்பேசிக் கடை.
கல்லாவுக்கு இடப்புறம் நிற்பவன் நான்.
திரையில் குமிழி விழாமல் தாள் ஒட்டுவேன்.
ரசீதின் முதுகில் முத்திரை குத்துவேன்:
‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’
ஊதா மை. எப்போதும் கொஞ்சம் சாய்வாகத்தான் விழும்.

அடிகினி வந்தது மார்ச்சில்.
ஏரிக்கரையில் ஒமேனா விற்பவள்.
விரல்நீள வெள்ளி மீன், காயவைத்து
தகரக் குவளையால் அளந்து போடுவது.
நூறும் இருநூறுமாக
மீன் வாசத்தோடு எண்ணி வைத்தாள்.
ஒமுலோ இரண்டு முறை எண்ணினார்.
நோட்டுகளுக்கு மூக்கைச் சுளிக்கவில்லை.

பதினேழாம் நாள் அது இருண்டது,
பாதிப் பேரத்தில்.
எல்டோரெட் ஓட்டல்காரன் ஒருவன்
நாற்பது குவளைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தான்.
இவள்தான் துண்டித்தாள் என்று நினைத்துக்கொண்டு
வேறொருத்தியிடம் வாங்கிவிட்டான்.
அவளுடைய கல்லாப்பெட்டியும் அதற்குள்தான் இருந்தது,
கடன் சொன்னவர்களின் எண்களும்.

“கம்பெனியிடம் போங்கள்” என்றேன்.
எனக்குச் சொல்லித் தரப்பட்ட வாக்கியம்.
வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மனப்பாடம்.

போனாள்.
குளிரூட்டிய கண்ணாடி அறையில் டோக்கன் எடுத்து
உட்கார்ந்தாள். கழற்றிப் பார்த்தவன் சொன்னான்:
“உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. உத்தரவாதம் இல்லை.”
ஏரிக்கரையில் காற்றே ஈரம்தான், தம்பி,
அதைச் சொல்லியா விற்றீர்கள் என்றாள்.
அவன் அடுத்த எண்ணைக் கூப்பிட்டான்.
மொம்பாசாவின் இறக்குமதிக்காரர்கள்
பெட்டியை இறக்குவதோடு தங்கள் பாடு முடிந்தது என்றார்கள்.
செய்தவர்களின் எண்ணில் ஒரு வாத்திய இசை,
அவள் இரவல் வாங்கிய போனில்
காசு தீரும்வரை ஒலித்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
ஒவ்வொரு முறையும் என்னிடமே திரும்பி வந்தாள்.
கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
அவளோ போனைக் கவிழ்த்து வைத்தாள்,
செவுளைத் திறந்து பார் என்று
மீனைக் கவிழ்த்து வைப்பதுபோல.
“என் மீன் நாறினால்
நீ வலைக்காரனிடம் போவாயா?
ஏரியிடம் போய்க் கேட்பாயா?
என்னிடம்தானே வருவாய்.”

எனக்குப் பின்னால் ஒமுலோ
மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

சிறு வழக்கு மன்றத்தில் ஆறு வரிசை பெஞ்சு.
நீதிபதி செப்கோயெச் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
“பணத்தை யார் கையில் கொடுத்தாய்?”
அடிகினி கையை நீட்டினாள்.
ஒமுலோ ரசீதைத் திருப்பிக் காட்டினார்.
என் சாய்ந்த ஊதா எழுத்தை
நீதிபதி கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
“இந்தச் சட்டத்தை
எந்த நாடாளுமன்றம் நிறைவேற்றியது?”
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
எனக்குக் காது சுட்டது.

“விற்றவர் கொடுக்கட்டும்.
பிறகு அவர் மொம்பாசாவுக்குப் போகட்டும்,
மொம்பாசாக்காரர் கடல் தாண்டட்டும்.
அந்த நடை இவளுடையது அல்ல.”

இங்கே முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒமுலோ கொடுத்தார், கடைசிக் காசுவரை.
மொம்பாசாவுக்குப் போகவில்லை. தூரம் அதிகம்.
மாத முடிவில் என் உறை மெலிந்திருந்தது.
கேட்டேன்.
“விற்றவர் என்றுதானே தீர்ப்பு?
பெட்டியைப் பிரித்துக் காட்டியது யார்?”
அதைச் சொல்லும்போது அவர்
என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார்.
எனக்கு ஆறு வரிசை பெஞ்சு ஞாபகம் வந்தது.
கூடவே வாடகையும்.
பேசாமல் இருந்துவிட்டேன்.

போன வாரம் அடிகினி மறுபடி வந்தாள்.
இங்கேயா வாங்குகிறாய் என்றேன்.
“எங்கே போய் நிற்பது என்று
இந்தக் கடையில்தானே தெரியும்” என்றாள்.
விலை குறைந்த ஒன்று. பொத்தான் வைத்தது.
ரசீதை எழுதினேன். பழக்கத்தில்
திருப்பினேன், முத்திரையை அழுத்தினேன்.
தாளில் ஒன்றும் விழவில்லை.
மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது.

இரண்டாம் இழுப்பறையில்
ஒரு புட்டி மை இருக்கிறது, முழுதாக.
ஒமுலோவுக்குத் தெரியாது.
நான் இன்னும் திறக்கவில்லை.